புது பேஸ்பால் கிளவைப் பழக்குவது எப்படி? முதலில் மடிப்பு, பிறகு மென்மை

பேஸ்பாலில் பந்து பிடிக்க உதவும் தோல் கையுறையான கிளவைப் புதிதாக வாங்கிக் கையில் மாட்டி மூடிப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும்: இது உண்மையிலேயே பந்து பிடிக்கச் செய்ததுதானா? எவ்வளவு அழுத்தினாலும் பாதிதான் மூடும். பந்தைப் போட்டால் உள்ளே தங்காமல் பலகையில் பட்டதுபோல எகிறி வெளியே விழும். உடனே, இதைச் சீக்கிரம் மென்மையாக்க என்ன வழி என்று தேட ஆரம்பிப்போம். எண்ணெயில் ஊறவை, அடுப்பில் வை, அதன்மேல் காரை ஏற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அதையெல்லாம் செய்யும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கிளவைப் பழக்குவதில் மென்மை இரண்டாவதுதான். எந்த இடத்தில் அது மடிய வேண்டும், எந்த இடத்தில் பந்து தங்க வேண்டும் என்று தோலுக்குக் காட்டிக் கொடுப்பதே முக்கியமான வேலை. வடிவம் சரியாக வந்துவிட்டால் கொஞ்சம் விறைப்பு இருந்தாலும் கிளவ் நன்றாக வேலை செய்யும். வடிவம் கெட்டுப்போய்த் தொளதொளவென்று ஆன கிளவைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அடுக்கு. பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவே கொழுப்பு சேர்க்கிறார்கள். அந்தக் கொழுப்பு இருப்பதால்தான் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர முடிகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில் மட்டும் இழைகள் தளர்ந்து, அடுத்த முறை அங்கேயே சுலபமாக மடியும். மற்ற இடங்கள் விறைப்பாகவே இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். விரல் பகுதிகளும் ஓரங்களும் நிமிர்ந்து நிற்க வேண்டும், நடுவில் மட்டும் கீல் போல மடிய வேண்டும்.

சூடு இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். ஈரத்தையும் கொழுப்பையும் வெளியேற்றிவிடும். காய்ந்த இழைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெடிக்கும். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் வேறு விதமாகக் கெடுக்கும். எல்லா இழைகளும் ஒரேயடியாகத் தளர்ந்துபோகும், கிளவ் கனக்கும், விரல் பகுதிகள் நிற்க மாட்டாமல் சாயும்.

பழக்கும் முன், அளவு சரியா என்று பாருங்கள்

வலது கையால் எறிபவர் இடது கையில் மாட்டுவார். இடது கையால் எறிபவர் வலது கையில். பந்தை அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரின் தடித்த கிளவான மிட்டைத் தவிர மற்றவற்றை ஆள்காட்டி விரல் பகுதியின் நுனியிலிருந்து அடிப்பகுதி வரை அளந்து அங்குலத்தில் சொல்வார்கள். பெரியவர்களின் பேஸ்பாலில் பேஸ்களை ஒட்டி உள்களத்தில் நிற்கும் இன்ஃபீல்டருக்கு 11 முதல் 11.75 வரை, பந்து எறியும் பிட்சருக்கு ஏறக்குறைய 12, தூரத்து வெளிக்களத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கு 12 முதல் 12.75 வரை வழக்கம். வட அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக் விதிப்படி ஃபீல்டர் கிளவ் 13 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

பேஸ்பாலைப் போலவே, பெரிய பந்தால் ஆடும் சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9.25 அங்குலம், பெரியவர்கள் வழக்கமாக ஆடும் சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம். இந்த வித்தியாசத்தால் பாக்கெட்டின், அதாவது கிளவில் பந்து தங்கும் குழிவின், அகலமும் ஆழமும் மாறுகின்றன. அதனால் எந்தப் பந்தில் ஆடப்போகிறீர்களோ அந்தப் பந்தை வைத்தே கிளவைப் பழக்குங்கள். பேஸ்பால் கிளவுக்குள் சாஃப்ட்பாலை வைத்துக் கட்டினால் பாக்கெட் தேவைக்கு மேல் விரிந்து, ஆட்டத்தில் சின்னப் பந்து உள்ளே அலையும்.

தோலின் வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீர்ஹைட் என்கிற காளைத் தோல் கனமானது, உறுதியானது. பழக வாரக்கணக்கில் ஆகும். பழகிவிட்டால் வடிவத்தை நெடுநாள் வைத்திருக்கும். கிப் என்கிற இளமாட்டுத் தோல் இன்னும் மெல்லியது, சீக்கிரம் வசத்துக்கு வரும். பன்றித் தோலும் செயற்கைத் தோலும் ஏறக்குறைய வாங்கிய அன்றே ஆடத் தயார். அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

எங்கே மடிய வேண்டும்?

இந்த ஒரு கேள்வியில் நேரம் செலவிடுங்கள். மற்றதெல்லாம் இதைத் தொடர்ந்து வரும்.

கிளவைக் கையில் மாட்டி உள்ளங்கைப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருப்பது வெப், அதாவது வலைப்பகுதி. அதற்குக் கீழே, ஆள்காட்டி விரலின் அடியை ஒட்டி இருக்கும் குழிவுதான் பாக்கெட். பந்து வந்து தங்க வேண்டிய இடம் அது. உள்ளங்கை நடுவில் பிடித்தால் கை எரியும், பந்தும் நழுவும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆரம்ப காலக் கிளவ்கள் வெறும் மெத்தை வைத்த தோலுறைகள். அடியைத் தாங்குவதற்கு மட்டும்தான் அவை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் பில் டோக், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் நாடாக்களால் வலை கட்டலாம் என்று ராலிங்ஸ் நிறுவனத்துக்கு யோசனை சொன்னார். 1920இல் அந்த கிளவ் விற்பனைக்கு வந்தது. அங்கிருந்துதான் பந்தைக் கையால் தடுப்பது போய், பாக்கெட்டில் வாங்குவது வந்தது. இன்று நாம் பழக்குவதெல்லாம் அந்தக் குழிவைத்தான்.

சரி, மடிப்புக்கு வருவோம். கிளவை மூடும்போது கட்டைவிரல் பகுதியின் நுனி எந்த விரலை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். அது மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே போய்ச் சேர வேண்டும். அப்படி மடிந்தால் பாக்கெட் அகலமாக வாய் திறந்து நிற்கும். புதியவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் அழுத்துவார்கள். அப்போது மடிப்பு வலையின் நடுவிலேயே விழுந்து கிளவ் ஒடுங்கித் தட்டையாகிவிடும். இந்தத் தவறான மடிப்பு ஒரு வாரத்தில் வந்துவிடும். போக்க மாதங்கள் ஆகும்.

கிளவில் இரண்டு கீல்கள் உண்டு. ஒன்று கட்டைவிரலின் அடியில், மற்றொன்று சுண்டுவிரலின் அடியில். இந்த இரண்டு பக்கத்திலும் உள்ளே விறைப்பான தகடோ, அழுத்திய கம்பளித் துணி போன்ற அடர்ந்த ஃபெல்ட்டோ வைத்திருப்பார்கள். புது கிளவ் மூடாமல் அடம்பிடிப்பதற்கு அவையே பெரும்பாலும் காரணம். ஆகவே வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

முதல் வேலை கைகளுக்குத்தான்

கிளவை மேசைமேல் வைத்து, கட்டைவிரல் பகுதியை அதன் அடியிலிருந்து உள்நோக்கி மடியுங்கள், விடுங்கள், மறுபடி மடியுங்கள். அதே மாதிரி சுண்டுவிரல் பக்கம். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து, மேலே சொன்ன கோட்டில் முழுக் கிளவையும் திறந்து மூடுங்கள். அவசரம் வேண்டாம். எதையாவது கேட்டுக்கொண்டோ பார்த்துக்கொண்டோ செய்கிற வேலை இது. கால் மணி நேரத்தில் தோல் லேசாகச் சூடேறி இளகுவது கைக்கே தெரியும்.

மடிப்பது கீல்களில் மட்டும். விரல் பகுதிகளை நடுவில் ஒடிக்காதீர்கள். நுனிகளை மட்டும் பின்பக்கமாக லேசாகச் சுருட்டி விடலாம். தரையில் உருண்டு வரும் பந்தை வாரி எடுக்க அது உதவும். அதற்கு மேல் விரல்களைச் சீண்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கிளவ் சீக்கிரம் மூட வேண்டும் என்று விரல்களைப் பிசைந்து தளர்த்துகிறவர்கள், பின்னால் வேகமான பந்து வரும்போது விரல் பகுதி வளைந்து பந்து நழுவுவதைப் பார்த்து வருந்துவார்கள்.

கண்டிஷனர்: கொஞ்சம் போதும்

கிளவுக்கென்றே விற்கும், தோலை இளக்கும் கண்டிஷனர் அல்லது லனோலின் (ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு) கலந்த கிரீம் ஏதாவது ஒன்று போதும். சுத்தமான துணியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு எடுத்து, பாக்கெட், இரண்டு கீல்கள், லேஸ்கள் (கிளவைக் கோர்க்கும் தோல் நாடாக்கள்) ஆகியவற்றில் மெல்லிய பூச்சாகத் தேயுங்கள். மேல்தோல் மினுங்கினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஒரு இரவு விட்டுவைத்து, மறுநாள் காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஓரத்தில் எங்காவது முதலில் தேய்த்துப் பாருங்கள். வெளிர் நிறத் தோல் பெரும்பாலும் கறுக்கும்.

பழக்கும் காலம் முழுவதற்கும் இப்படி ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை போதும். புது கிளவில் பதனிட்டபோது சேர்த்த கொழுப்பு இருக்கத்தான் செய்கிறது.

அடித்துக் குழி எடுப்பது

கிளவ் மாலட் என்று, பந்து போன்ற உருண்டைத் தலை உள்ள மரச்சுத்தி கிடைக்கிறது. நம் கொட்டாப்புளியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் பந்தையே எறியும் கையில் பிடித்து அடிக்கலாம். பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தை முதலில் மனதில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரே சீராகத் தட்டுங்கள். கொஞ்சம் தட்டியதும் கிளவை மூடித் திறந்து பாருங்கள், பிறகு தொடருங்கள். கிளவின் அடிப்பகுதியில், மணிக்கட்டை ஒட்டிய தடித்த மேட்டிலும் சில தட்டுகள் தேவை. அது இளகினால்தான் கீழிருந்து கிளவ் விரியும். பலமாக அடிப்பதைவிடச் சரியான இடத்தில் அடிப்பதே பலன் தரும்.

நீங்கள் எந்த இடத்தில் நின்று ஆடுகிறீர்கள் என்பது இங்கே கணக்கில் வருகிறது. ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ் என்ற இன்ஃபீல்டு இடங்களில் ஆடுபவர்கள் பந்தை வாங்கிய நொடியில் எடுத்து எறிய வேண்டும். பாக்கெட் ஆழமாக இருந்தால் விரல்கள் பந்தைத் தேடும். அவர்கள் விரல்களின் அடிப்பகுதியை ஒட்டி, ஆழமில்லாத, விரிந்த குழி எடுக்கட்டும். அவுட்ஃபீல்டருக்கு ஓடிப்போய் நுனியில் பிடித்தாலும் பந்து தங்க வேண்டும். அவர் வலையை ஒட்டி ஆழமாக எடுக்கலாம். பலர் சுண்டுவிரல் உறையிலேயே இரண்டு விரல்களை நுழைத்து மாட்டுவார்கள். கிளவ் சுலபமாக மூடும், பாக்கெட்டும் ஆழமாகும். அந்தப் பழக்கம் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே அப்படி மாட்டிப் பழக்குங்கள், ஏனென்றால் கிளவ் அந்தப் பிடிக்கு ஏற்பத்தான் மடியும்.

பந்து பிடித்தல்: இதற்கு மாற்று கிடையாது

மேலே சொன்னதெல்லாம் தயாரிப்பு. கிளவ் உண்மையில் பழகுவது பந்து வந்து விழும்போதுதான். உங்கள் கை எந்தக் கோணத்தில் நீள்கிறது, எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்பதெல்லாம் ஒவ்வொரு பந்திலும் தோலில் பதிகிறது. வேறொருவர் பழக்கிக் கொடுத்த கிளவ் அவர் கைக்குத்தான் பழகியிருக்கும்.

கூட ஆடுகிறவரைச் சற்றுக் கிட்டத்தில் நிறுத்தி, மெதுவான பந்துகளோடு தொடங்குங்கள். ஒவ்வொரு பந்தையும் பாக்கெட்டில் வாங்கவே முயலுங்கள். தவறிவிழுந்தால் பரவாயில்லை, ஆனால் விழக் கூடாதே என்று உள்ளங்கைக்கு நகர்த்திப் பிடித்தால் குழி தப்பான இடத்தில் உருவாகும். பந்து பட்டதும் முழுமையாக மூடுங்கள். கிளவ் இளக இளகத் தூரத்தையும் வேகத்தையும் கூட்டுங்கள். தினமும் பதினைந்து இருபது நிமிடம் என்று விடாமல் செய்தால், வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

ஆள் கிடைக்காத நாளில் உட்கார்ந்தபடியே பந்தைக் கிளவுக்குள் எறிந்து எறிந்து மூடிப் பழகலாம். சுவரில் அடித்துத் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதும் நல்லதே. சிலர் பந்து எறியும் எந்திரத்தின் முன் நின்று வேகமான பந்துகளை வாங்குவார்கள். கிளவ் சீக்கிரம் பழகும்தான். ஆனால் மூடாத கிளவோடு வேகமான பந்தின் எதிரே நிற்பது புதியவருக்கு ஆபத்து. முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைத் தவிருங்கள். அதே காரணத்தால், புது கிளவ் ஒரு கையால் தானே மூடும்வரை ஆட்டங்களுக்குப் பழைய கிளவையே எடுத்துப் போங்கள்.

ஆடி முடித்ததும் கட்டி வைப்பது

பாக்கெட்டில் பந்தை வைத்து, சரியான கோட்டில் மடித்து, அகலமான ரப்பர் பட்டையோ துணிப் பட்டையோ போட்டுக் கட்டி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை, பந்து நகராமல் இருந்தால் போதும். மெல்லிய கயிறு வேண்டாம், தோலில் தழும்பு விழும். ஆழமில்லாத பாக்கெட் வேண்டிய இன்ஃபீல்டர்கள் கட்டாமல், பந்தை உள்ளே வைத்துச் சும்மா விட்டுவிடலாம்.

மெத்தைக்கு அடியில் வைத்துப் படுப்பது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடை எங்கே விழுகிறது என்பது நம் கையில் இல்லை. மடிப்பு இடம் மாறிக் கிளவ் தட்டையாகிவிடும்.

இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

ஓவன், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும் என்று முன்பே சொன்னேன். லேஸ்கள்தான் முதலில் போகும். பல கிளவ்களில் லேஸ் நுழையும் துளைகளில் உலோக வளையம் இருக்கும். மைக்ரோவேவில் அது தீப்பொறி கிளப்பும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிளவை விட்டுவைப்பதும் இதே தப்பின் மெதுவான வடிவம்.

காரை ஏற்றுவது, சமையல் எண்ணெய் பூசுவது, பெட்ரோலியம் ஜெல்லியை அப்புவது எதுவும் வேண்டாம். சமையல் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் தோலுக்கு நல்லதுதான் என்றாலும், கை கொஞ்சம் தாராளமானால் கிளவை ஊற வைத்துக் கனமாக்கிவிடும். ஷேவிங் கிரீம் பூசுவது அந்தக் காலத்தில் வேலை செய்தது, காரணம் அதில் இருந்த லனோலின். வெறும் நுரையாக வருகிற கிரீம் தோலுக்கு எதுவும் தராது.

கடையில் நீராவி காட்டித் தருகிறேன் என்பார்கள். சீக்கிரம் ஆடியே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லா இடமும் ஒன்றாக இளகும், தோலின் ஆயுளும் குறையலாம். உத்தரவாத அட்டையையும் முதலில் படித்துவிடுங்கள்.

வெந்நீர் முறை பற்றி

ஜப்பானில் யுமோமி என்றொரு முறை உண்டு. கிளவை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிசைந்து, அடித்து, வடிவம் கொடுத்து, நிழலில் மெதுவாக உலர்த்தி, பிறகு கண்டிஷனர் பூசுவார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அருமையாக வரும். உலர்த்துவதில் பிசகினால் உள்ளே இருக்கும் ஃபெல்ட் நாறும், தோல் விறைத்துப்போகும். முழுதாக நனைப்பதை உங்கள் முதல் கிளவில் முயலாதீர்கள். ஸ்டீர்ஹைட் கிளவ் ரொம்பவே அடம்பிடித்தால், இரண்டு கீல்களிலும் பாக்கெட்டிலும் மட்டும் வெதுவெதுப்பான நீரைத் துணியால் ஒற்றி, உடனே வெளியே போய் அது உலரும்வரை பந்து பிடியுங்கள். ஈரமான தோல் எந்த வடிவில் உலர்கிறதோ அந்த வடிவிலேயே நிற்கும். அதனால்தான் கையில் மாட்டி ஆடிக்கொண்டே உலர்த்தச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கும் கேட்சருக்கும்

சின்னக் கைக்கு விறைப்பான காளைத் தோல் கிளவ் தண்டனைதான். மூட முடியாத குழந்தை பந்தை அள்ளப் பார்க்கும், பந்து உள்ளங்கையில் பட்டு வலிக்கும், ஆட்டமே பிடிக்காமல் போகும். மென்மையான தோலிலோ செயற்கைத் தோலிலோ வாங்குங்கள். வளர்ந்தபிறகும் ஆகும் என்று பெரிய அளவை வாங்கித் தராதீர்கள். கீல்களை இளக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்துகொடுத்து, பந்து பிடிக்கும் பகுதியைக் குழந்தையிடம் விடுங்கள்.

கேட்சர் மிட் தடித்தது, விரல் பகுதிகள் பிரியாதது. அதைச் சுற்றளவில் அளப்பார்கள். 32 முதல் 34 அங்குலம் வழக்கமாகக் கிடைப்பது. மற்ற கிளவ்களைவிட நீண்ட காலம் எடுக்கும், மாலட் வேலையும் அதிகம் தேவை. முதல் பேஸில் நிற்பவரின் மிட்டும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

பழகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கிளவை மாட்டி, பந்தை மேலே போட்டு, மற்றொரு கையின் உதவி இல்லாமல் பிடியுங்கள். பந்து பட்டதும் விரல்கள் சிரமப்படாமல் மூடி, பந்து உள்ளே அசையாமல் நின்றால் ஆட்டத்துக்கு எடுத்துப் போகலாம். கழற்றி மேசையில் நிறுத்திப் பாருங்கள். விரல் பகுதிகள் சாயாமல் நிற்க வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு. ஆடியபின் மண்ணைத் துடைத்து, பாக்கெட்டில் ஒரு பந்தை வைத்து, எடை விழாத இடத்தில் வையுங்கள். பையின் அடியில் ஹெல்மெட்டுக்குக் கீழே திணித்தால் வாரக்கணக்கில் எடுத்த வடிவம் ஒரே பயணத்தில் போய்விடும். மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட உலரவிட்டு, காய்ந்தபின் மெல்லிதாகக் கண்டிஷனர் தேயுங்கள். ஹேர் டிரையரைக் கிட்டக் கொண்டுவர வேண்டாம். பழக்கும் காலத்தில் லேஸ்கள் நீண்டு தளர்வது இயல்பு, அவ்வப்போது முடிச்சை அவிழ்த்து இழுத்துக் கட்டுங்கள். எந்த லேஸாவது நைந்து மெலிந்திருந்தால் அறும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். லேஸ் தனியாகக் கிடைக்கும், பழைய லேஸை உருவும்போதே புதியதை அதே துளைகளில் பின்தொடர்ந்து கோர்த்தால் வரிசை தப்பாது.